ரோடு வேணுமான்னு கேட்ட ஊரும் ரேட்டு என்னன்னு கேட்ட நாமும்



சர்வே கல் நட்ட அன்றைக்கு ராத்திரி நம்ம டீக்கடையில் ஒரே பேச்சுதான். "ஏக்கருக்கு எவ்வளவு தருவான்?" பக்கத்து ஊரில் சென்ட்டுக்கு இவ்வளவு கொடுத்தானாம், தென்னைக்குத் தனியாம், போருக்குத் தனியாம். விடிய விடியக் கணக்குப் போட்டார்கள். ரோடு எதுக்கு, யாருக்கு, ஏன் இந்த வழியா, இருக்கிற ரோட்டையே அகலப்படுத்தினா போதாதா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். கேட்டதன் பலனை இன்றைக்கும் அனுபவித்துக்கொண்டு இருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வரும். அதற்கு முன்னால், ரேட்டே கேட்காத ஒரு ஊர்க்காரர்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இருப்பது அமெரிக்காவில்.

அமெரிக்கா என்றதும், "அவன் ஆயிரம் ஏக்கர்க்காரன், டிராக்டருக்குள்ளயே ஏசி போட்டு உழறவன், அவன் கதை நமக்கெதுக்கு" என்று நோட்டீசை மடித்து வைத்துவிடாதீர்கள். நான் சொல்லும் விவசாயிகள் இன்றைக்கும் குதிரையையும் கோவேறு கழுதையையும் ஏரில் பூட்டி உழுகிறவர்கள். வீட்டுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் வாங்காதவர்கள். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளாதவர்கள். ஆமிஷ் என்று பெயர். ஐரோப்பாவில் மதத்துக்காக அடியும் உதையும் பட்டு, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறி வந்த கிறிஸ்தவக் கூட்டம். வீட்டுக்குள் பேசுவது ஒரு மாதிரி ஜெர்மன் பாஷை. வெளியாட்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு "இங்கிலீஷ்காரர்". அமெரிக்கா பூராவும் இன்று நாலு லட்சம் பேர் அளவுக்கு இருக்கிறார்கள். அதில் பழைய குடியிருப்பு பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற நகரத்தைச் சுற்றி உள்ள கிராமங்கள்.

சுண்ணாம்புக்கல் மேல் படிந்த கொழுத்த மண் அது. ஏரி, கால்வாய் பாசனம் இல்லாமல், பெய்கிற மழையிலேயே மக்காச்சோளம், குதிரைமசால், புகையிலை எல்லாம் விளையும். கறவை மாடுதான் முக்கிய வருமானம். சராசரிப் பண்ணை 80 ஏக்கருக்கு உள்ளேதான் இருக்கும். நமக்கு அது ஜமீன். அமெரிக்காவில் சராசரிப் பண்ணை 400 ஏக்கருக்கு மேல், அதனால் அங்கே இவர்கள் சின்ன விவசாயிகள்.

ஹைவே வந்த கதை

லங்காஸ்டர் பெரிய நகரம் கிடையாது. அறுபதாயிரம் ஜனம் அளவுக்கு இருக்கும், நம்மூர் நகராட்சி மாதிரி. அதன் வழியாகக் கிழக்கு மேற்காக 30ஆம் நம்பர் நெடுஞ்சாலை போகிறது. நகரத்துக்குள் நெரிசல் என்று வடக்கே சுற்றிப் புறவழிச்சாலை போட்டார்கள். புறவழிச்சாலை முடிந்து கிழக்கே பழைய ரோட்டோடு சேரும் பகுதியில் ஓட்டல், கடை, பெரிய பெரிய துணி மால் எல்லாம் வரிசையாக முளைத்தன. ஆமிஷ்காரர்களின் குதிரை வண்டியைப் பார்க்க வரும் டூரிஸ்ட் கூட்டத்துக்காகத்தான் அதில் பாதி. கடைகள் வந்ததும் அந்த ரோடும் நெரிசலாச்சு. உடனே அதிகாரிகள் மேஜைமேல் மேப்பை விரித்து, "இந்த நெரிசலைக் குறைக்க, பின்னால் இருக்கும் வயக்காட்டு வழியாகப் புது ரோடு" என்று கோடு போட்டார்கள்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். புறவழிச்சாலை போட்டதால் கடை வந்தது. கடை வந்ததால் நெரிசல். நெரிசலுக்கு இன்னொரு புறவழிச்சாலை. அதற்குப் பக்கத்திலும் நாளைக்குக் கடை வராதா? கேட்டால் "வளர்ச்சி" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு நகர்ந்து நகர்ந்து வந்து நிற்பது மட்டும் விவசாயி வரப்பில்தான்.

இது முதல் கோடும் இல்லை. அதற்கு முன்னாலேயே, 1970களில், 23ஆம் நம்பர் ரோட்டுக்குப் பதிலாக நகரத்திலிருந்து கிழக்கே புது எக்ஸ்பிரஸ் ரோடு என்று ஆரம்பித்தார்கள். நிலத்தை எடுத்தார்கள். பல கிலோமீட்டருக்கு மேட்டை வெட்டிப் பள்ளத்தை ரொப்பிச் சமப்படுத்தினார்கள். குறுக்கே பாலங்கள்கூடக் கட்டினார்கள். பிறகு பணம் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். போட்ட மேட்டின்மேல் மண்ணைப் பரப்பி, புல் விதைத்து, அதே ஊர் விவசாயிகளுக்கே ஆடு மாடு மேய்க்கக் குத்தகைக்கு விட்டது அரசாங்கம். அப்பன் காட்டைப் பிடுங்கி, மகனுக்குக் குத்தகைக்கு விடுவது என்றால் இதுதான்.

ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பேர் "கோட் பாத்". அதாவது ஆட்டுத்தடம். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, அந்தத் தடத்தில் ஹைவே ஓடவே இல்லை. எடுத்த நிலம் எடுத்ததுதான். "திட்டம் கைவிடப்பட்டால் நிலம் திரும்ப வந்துவிடும்" என்று நம்ம ஊரிலும் சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அவர்கள் இந்த ஆட்டுத்தடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

வாய் திறக்காத கூட்டம்

1987-88இல் பழைய திட்டம் புது உருவத்தில் திரும்ப வந்தது. இந்தத் தடவை ஒரே கோடு இல்லை. இப்படிப் போகலாம், அப்படிப் போகலாம் என்று பல கோடுகள். பல கோடு போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, நம்மவர்களுக்கும் இது பழக்கம்தான். மூணு கோடு போட்டால் மூணு ஊர்க்காரனும், "எங்க ஊர் வேண்டாம், அந்தப் பக்கம் போகட்டும்" என்பான். மூணு பேருமே ரோட்டை ஒத்துக்கொண்டவர்கள் ஆகிவிடுவார்கள். சண்டை ஊருக்கும் ஊருக்கும் நடக்கும். அதிகாரி வேடிக்கை பார்ப்பார்.

ஆமிஷ்காரர்கள் போராட்டக்காரர்கள் கிடையாது, இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோர்ட்டில் கேஸ் போடுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. சத்தியம் செய்ய மாட்டார்கள். பாதிப் பேருக்கு மேல் ஓட்டுப் போடவே போக மாட்டார்கள். மேடையேறிப் பேசுவது, போட்டோவுக்கு நிற்பது எல்லாம் தற்பெருமை என்று ஒதுங்கிவிடுவார்கள். அடக்கமாக இரு, விட்டுக்கொடு என்பது சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லி வளர்ப்பது. இப்படிப்பட்ட ஜனத்தின் நிலத்தில் கோடு போட்டால் யார் எதிர்க்கப்போகிறார்கள் என்றுதான் எந்த அதிகாரியும் நினைப்பான்.

பொதுக்கூட்டம் என்று அறிவித்தார்கள். ஆமிஷ்காரர்கள் நூற்றுக்கணக்கில் வந்து நின்றார்கள். கறுப்புக் கோட்டு, தொப்பி, தாடியோடு ஆம்பிளைகள். கோஷம் இல்லை, கல் எறியவில்லை, பஸ்ஸை மறிக்கவில்லை. சும்மா வந்து இருந்தார்கள். நிலம் போகிறவர்கள் மட்டும் வந்திருந்தால் அவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்காது. கோடு தொடாத தோட்டத்துக்காரரும் வந்ததால்தான் மண்டபம் நிறைந்தது என்பது என் கணக்கு. அரசியலுக்கே வராத ஜனம் வீட்டை விட்டு வந்து நிற்கிறது என்றால் விஷயம் எவ்வளவு பெரிசு என்று மாநிலம் பூராவும் புரிந்துகொண்டது. அப்போது கவர்னராக இருந்த ராபர்ட் கேசி, ஆமிஷ் விவசாயப் பகுதியை இரண்டாகப் பிளக்கிற ரோடு போடப்போவதில்லை என்று அறிவித்தார். அங்கே கவர்னர் என்றால் நம்ம முதலமைச்சர் மாதிரி, ஜனங்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர்.

பின்னாட்களில் நகரத்துக்கு வடக்கே ஏற்கெனவே இருந்த புறவழிச்சாலையையே அகலப்படுத்திச் சந்திப்புகளைத் திருத்திக் கட்டினார்கள். அப்படியானால் அந்த வழி முதலிலிருந்தே இருந்ததுதானே? இந்தக் கேள்வியைத்தான் நம்ம டீக்கடையில் ஒருத்தரும் கேட்கவில்லை என்கிறேன்.

ஆமிஷ்காரர்கள் தனியாக ஜெயித்துவிட்டார்கள் என்று கதை விடமாட்டேன். அக்கம்பக்கத்து இங்கிலீஷ்கார விவசாயிகளும் ஊர்க்காரர்களும் கூட நின்றார்கள். டூரிஸ்ட் வியாபாரமும் ஒரு காரணம். 1985இல் "விட்னஸ்" என்ற ஆங்கில சினிமா அந்த ஊரில் எடுத்து வெளிவந்திருந்தது. குதிரை வண்டியும் வயக்காடும் போய்விட்டால் பார்க்க வருபவன் எதைப் பார்ப்பான் என்ற கவலை ஓட்டல்காரனுக்கும் இருந்திருக்கும். நம்ம ஊருக்கு டூரிஸ்ட் வருவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்ம காய்கறியை வாங்கும் கமிஷன் மண்டிக்காரர், நம்ம பாலை எடுக்கும் சொசைட்டி, நம்மை நம்பி இருக்கும் உரக்கடை, கூலி வேலைக்கு வரும் குடும்பங்கள், இவர்கள் யாரையும் நாம் இதுவரை கூப்பிடவே இல்லையே. நிலம் இல்லாதவனுக்கு இதில் என்ன என்று நாமே அவர்களை ஒதுக்கிவிட்டோம். நூறு ஏக்கர் போனால் முதலில் வேலை போவது அவர்களுக்குத்தான். இழப்பீட்டில் அவர்கள் கைக்கு ஒரு ரூபாய்கூட வராது.

ஏன் ரேட்டுக் கேட்கவில்லை?

ஆமிஷ்காரருக்குப் பணத்தின் அருமை தெரியாமல் இல்லை, நல்ல கெட்டிக்கார வியாபாரிகள். ஆனாலும் ஏன் ரேட்டுப் பேச உட்காரவில்லை?

அவர்களுக்குக் கோயில் கட்டடம் கிடையாது. பத்தும் இருபதும் தாண்டி 25, 30, 40 குடும்பம் சேர்ந்தால் ஒரு சபை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடிக் கும்பிடுவார்கள். குதிரை வண்டியில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் எல்லா வீடும் இருந்தாக வேண்டும். களம் எரிந்துபோனால் கூடி வந்து கட்டிக்கொடுப்பதும், பிரசவமோ சாவோ நேர்ந்தால் மாட்டைக் கறந்து வைப்பதும் இந்தச் சபைதான். அரசாங்கத்தின் முதியோர் பென்ஷனே வேண்டாம், எங்கள் ஆட்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, 1965இல் அதற்குச் சட்டத்தில் விலக்கு வாங்கினவர்கள்.

இந்தச் சபையின் நடுவில் ஹைவே வந்தால் என்ன ஆகும்? ஹைவேயில் குதிரை வண்டி ஏற முடியாது. குறுக்கேயும் போக முடியாது, பாலம் இருக்கிற இடத்தில்தான் தாண்டலாம். அஞ்சு கிலோமீட்டர் சுற்று என்றால் கார்க்காரனுக்கு நாலு நிமிஷம். குதிரை வண்டிக்கு இருபது நிமிஷம். கோவேறு கழுதை பூட்டி வைக்கோல் ஏற்றின வண்டிக்கு ஒரு மணி நேரம். ரோட்டின் நீளத்தைக் கார்க்காரனின் நிமிஷத்தில் அளந்து திட்டம் போடுகிறார்கள், காளைமாட்டுக்காரனின் நிமிஷம் அந்தக் கணக்கிலேயே வராது.

இழப்பீட்டு அவார்டில் கிணற்றுக்கு ஒரு வரி இருக்கும். தென்னைக்கு ஒரு வரி இருக்கும். மாட்டுக்கொட்டாய்க்கு ஒரு வரி இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு எங்கேயாவது வரி இருக்கிறதா? அவசரத்துக்கு அவர் மோட்டாரிலிருந்து தண்ணி விட்டது, நம்ம மாடு கன்று போட்டபோது ராத்திரி இரண்டு மணிக்கு ஓடி வந்தது, இதற்கெல்லாம் எந்த டி.ஆர்.ஓ. விலை போடுவார்? விலை போட முடியாததை இழக்கும்போது ரேட்டுப் பேச உட்கார்ந்தால் நாம்தான் முட்டாள். ரேட்டுப் பேச உட்கார்ந்த நிமிஷமே ரோட்டுக்குச் சம்மதம் கொடுத்தாச்சு என்றுதான் அர்த்தம்.

இன்னொரு விஷயமும் அந்த மாநிலத்தில் இருக்கிறது. விளைகிற நிலத்தின் வழியாகப் புது ஹைவே போட எடுக்க வேண்டுமானால், விவசாய நிலத்துக்கென்று இருக்கும் ஒரு வாரியத்தின் முன்னால் ரோட்டுத் துறை போய் நிற்க வேண்டும். ஆறு பேர் வாரியம். அதில் இரண்டு பேர் நிஜமாகவே விவசாயம் செய்கிற விவசாயிகளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த நிலத்தை விட்டால் நியாயமான வேறு வழி இல்லை என்று ரோட்டுத் துறைதான் நிரூபிக்க வேண்டும். இருக்கிற ரோட்டை அகலப்படுத்துவதற்கு இந்த விசாரணை கிடையாது. புதுசாக வயலில் இறங்கினால்தான். நம்ம ஊரில் நிரூபிக்க வேண்டியவன் விவசாயி.

தோற்ற ஊரும் உண்டு

ஜெயித்த கதையை மட்டும் சொல்லி உங்களை உசுப்பிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. அதே அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் டேவிஸ் என்று ஒரு கவுண்டி. நம்ம மாவட்டம், தாலுகா மாதிரி ஒரு பிரிவு. அங்கேயும் ஆமிஷ்காரர்கள் ரொம்ப நாளாக விவசாயம் பார்க்கிறார்கள். நடுவில் வாஷிங்டன் என்று சின்ன நகரம். தலைநகர் வாஷிங்டன் வேறு, இது பன்னிரண்டாயிரம் பேர் அளவுக்கு உள்ள ஊர். எவன்ஸ்வில் நகரத்திலிருந்து இண்டியானாபொலிஸுக்கு ஐ-69 என்ற ஹைவே. ஏற்கெனவே மேற்கே 41ஆம் நம்பர் ரோடும் ஐ-70ம் இருக்கின்றன, அவற்றையே மேம்படுத்தினால் போதும், கொஞ்ச நிமிஷம்தான் வித்தியாசம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். மாநில அரசு கேட்கவில்லை. 2003 ஜனவரியில் புது நிலத்தின் வழியாகத்தான் என்று கோட்டை முடிவு செய்தது.

பணத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? மாநிலத்தின் வடக்கே இருந்த சுங்கச்சாலையை 2006இல் ஒரு ஸ்பெயின் கம்பெனியும் ஒரு ஆஸ்திரேலியக் கம்பெனியும் சேர்ந்த கூட்டுக்கு 75 வருஷக் குத்தகைக்கு 380 கோடி டாலருக்கு விட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு இந்த ரோட்டுக்கு வந்தது. ஒரு ரோட்டை வாடகைக்கு விட்டு இன்னொரு ரோடு! சுங்கச்சாலையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி 2014இல் திவால் மனு போட்டது தனிக் கதை.

எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 2006இல் கேஸ் போட்டார்கள். 2007இல் தள்ளுபடி. 2008இல் வேலை ஆரம்பம். 2012 நவம்பரில் எவன்ஸ்வில்லிலிருந்து வடக்கே 67 மைல் திறந்தாச்சு. வாஷிங்டன் நகரத்துக்குக் கிழக்கே சுற்றிக்கொண்டு, வயல்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. சில கிராமத்து ரோட்டுக்கு மேம்பாலம் கட்டிக்கொடுத்தார்கள். சில ரோடுகள் ஹைவே வேலியில் முட்டி முட்டுச்சந்தாக நின்றுவிட்டன. மீதி வழி பூராவும் முடிந்து 2024இல் இண்டியானாபொலிஸைத் தொட்டது.

இரண்டு ஊருக்கும் என்ன வித்தியாசம் என்று நான் ரொம்ப யோசித்தேன். ஒரே காரணம் என்று சொல்ல முடியாது, ஆட்சி வேறு, ஊர் வேறு. ஆனால் ஒன்று கண்ணில் படுகிறது. லங்காஸ்டரில் கூட்டம் கூடினது, மேப்பில் பல கோடுகள் இருந்தபோது. இண்டியானாவில் கேஸ் போனது, ஒரே கோடு என்று முடிவாகி மூணு வருஷம் கழித்து. கோர்ட் பார்ப்பது விதிமுறைப்படி நடந்ததா என்பதைத்தான். "ரோடு தேவையா" என்று அங்கே போய்க் கேட்பது, வெள்ளாமை வீடு வந்த பிறகு களை எடுக்கப் போவது மாதிரி.

நம்ம மாநிலத்திலும் பார்த்தோமே. சேலம் – சென்னை எட்டு வழிச்சாலை, 277 கிலோமீட்டர், அஞ்சு மாவட்டம். 2018இல் ஜனங்கள் வயலில் இறங்கி நின்றார்கள். 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8இல் சுப்ரீம் கோர்ட், சுற்றுச்சூழல் அனுமதி வாங்குவதற்கு முன்னாலேயே அந்த அறிவிப்பு கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. கோர்ட்டை நம்பிக் கூட்டத்தைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

இப்போது என் கதை. ஒன்றே முக்கால் ஏக்கர் எனக்கு. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரைச் சுற்றி ஒரு புறவழிச்சாலை வந்தது. என் காட்டில் குறுக்கே எழுபது சென்ட் போச்சு. ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஆட்சேபணை கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டு இருந்தபோது, ஒரு புரோக்கர் வந்து, "முதல்ல கையெழுத்துப் போடறவங்களுக்குச் சீக்கிரம் செக் வரும், உங்களுக்கு மட்டும் ரேட்டு சேர்த்துப் பேசித் தர்றேன்" என்றான். யாருக்கும் சொல்லாமல் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். நான் போட்டது தெரிந்ததும் என் பங்காளி போட்டார். அவரைப் பார்த்து நாலு பேர். ஒரே வாரத்தில் ஆட்சேபணை மனுவில் கையெழுத்துப் போட ஆளில்லை. ரேட்டு ஒன்றும் சேர்ந்து வரவில்லை, எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான்.

செக் வந்தது. மூத்த பெண் கல்யாணத்துக்கும் பழைய கடனுக்கும் சரியாப் போச்சு. கிணறு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது, காடு இந்தப் பக்கம். ரோட்டுக்கு அடியில் பைப் கொண்டுவர அனுமதி கேட்டு நான் நடந்த நடையில் இன்னொரு கிணறு வெட்டியிருக்கலாம். மாட்டை ஓட்டிக்கொண்டு சப்வே வரைக்கும் போய்ச் சுற்றி வர வேண்டும், மழை பெய்தால் அந்தச் சப்வேயில் இடுப்பளவு தண்ணி. மீதி இருந்த நிலம் முக்கோணமாக இரண்டு துண்டு. ஏர் திருப்ப முடியாது. ஒரு துண்டை மனைக்காரன் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டேன். என் பேரன் அந்த ரோட்டில் லாரிக்கு டீசல் அடிக்கிற பங்க்கில் வேலை செய்கிறான். மரியாதையான வேலைதான், தப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பங்க் நிற்பது எங்கள் களத்துமேட்டில்.

நான் தனியாகப் போனதை நினைத்தால் இன்றைக்கும் பங்காளி முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

ரோட்டை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். லங்காஸ்டரில் ரோடு நின்றது, ஆனால் நில விலை ஏறியது நிற்கவில்லை. ஆமிஷ் குடும்பத் தலைவர்களில் பாதிக்கு மேல் இன்று விவசாயத்தில் இல்லை. தச்சுப்பட்டறை, கட்டட வேலை என்று போய்விட்டார்கள். அதனால்தான் அந்த ஊரில் இன்னொரு வேலையும் செய்தார்கள். "இந்த நிலத்தில் இனிமேல் மனை போட மாட்டோம், விவசாயம் மட்டும்தான்" என்று பத்திரத்தில் நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு தொகை வாங்கிக்கொள்வது. நிலம் விவசாயி பேரிலேயே இருக்கும், விற்கலாம், பிள்ளைகளுக்கும் போகும், ஆனால் மனை ஆகாது. கவுண்டி நிர்வாகம் 1980லிருந்து இதற்கென்று ஒரு வாரியம் வைத்திருக்கிறது. அரசாங்கப் பணத்தைத் தொடத் தயங்குகிற ஆமிஷ்காரர்களுக்காகவும் சேர்த்து 1988இல் தனியார் அறக்கட்டளை ஒன்றும் ஆரம்பித்தார்கள். அந்த ஒரு கவுண்டியில் மட்டும் இப்படி ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றி இருக்கிறார்கள். ரோட்டை எதிர்த்த அதே சூட்டில் செய்ததால் நடந்தது.

இனி நம்ம விஷயம். நமக்கு வந்திருப்பது தேசிய நெடுஞ்சாலைக்காரர்கள் கோடு. அறுபது மீட்டர் அகலம் என்றால் ஒரு கிலோமீட்டருக்குப் பதினஞ்சு ஏக்கர் போகும், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். 2013 நிலமெடுப்புச் சட்டத்தில் ஊர் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதே என்றால், தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தை அதிலிருந்து விலக்கி வைத்துவிட்டார்கள். இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2015 ஜனவரியிலிருந்து பொருந்தும். ஆக, ரேட்டுக்குச் சட்டம் இருக்கிறது, ரோடு வேணுமா என்ற கேள்விக்கு இருக்கும் இடம் ரொம்பச் சின்னது. அது 1956 சட்டத்தின் 3சி பிரிவு. 3ஏ அறிவிப்பு வந்த 21 நாளைக்குள், நிலத்தில் உரிமை உள்ள யாரும் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம். கொடுத்தவரை நேரில் கூப்பிட்டு விசாரித்தே ஆக வேண்டும். வக்கீலையும் கூட்டிப் போகலாம். அறிவிப்பை இரண்டு பேப்பரில் போட வேண்டும், ஒன்று தமிழில். 21 நாள் தாண்டினால் போச்சு. அதன் பிறகு 3டி வந்தால் நிலம் அரசாங்கத்துக்கு. கையில் செக் வந்தாலும் வராவிட்டாலும் அரசாங்கத்துக்குத்தான்.

அதனால் நம்ம சங்கம் கேட்டுக்கொள்வது இதுதான். பட்டா, சிட்டா, அடங்கல், எப்.எம்.பி. வரைபடம் எல்லாம் இப்போதே நகல் எடுத்து வையுங்கள். அப்பா பேரில் பட்டா இருந்தால் வாரிசுச் சான்றுக்கு இந்த வாரமே மனுக் கொடுங்கள். ஆட்சேபணையில் "தொகை போதாது" என்று எழுத வேண்டாம், அதை எழுதினால் ரோட்டை ஒத்துக்கொண்டதாக ஆகும். இருக்கிற ரோட்டை அகலப்படுத்த எங்கெங்கே இடம் இருக்கிறது, கோடு எத்தனை கிணறு, எத்தனை வாய்க்கால், எத்தனை வண்டிப்பாதையை வெட்டுகிறது என்று சர்வே நம்பரோடு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்துப் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்து எழுதித் தருவார்கள். காசு கிடையாது.

விசாரணை நாள் தெரிந்ததும் தண்டோரா போடுவோம். அன்றைக்கு நிலம் போகிறவர், போகாதவர், கூலிக்காரர், பால் ஊற்றுகிறவர் எல்லாரும் தாலுகா ஆபீசுக்கு வர வேண்டும். வண்டிக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆடு மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுக் காலை எட்டு மணிக்கெல்லாம் மாரியம்மன் கோயில் அரச மரத்தடிக்கு வந்துவிடுங்கள். புரோக்கர் யாராவது தனியாகக் கூப்பிட்டால் என்னை ஒரு தடவை வந்து பாருங்கள். என் கிணறு இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன்.